கூடு மாறினால் கணக்கு மாறும்

ஒரு ரைஃபிள் தோட்டாவில் நான்கு பொருள்கள் இருக்கின்றன. முனையில் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் பிரைமர் எனும் தீமூட்டி, இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. விசையை இழுத்ததும் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்து தீர்ந்துவிடுகிறது, பிரைமர் ஒரு முறைக்கு மேல் உதவாது. கூடு மட்டும் கைக்குத் திரும்பி வருகிறது. அதைத் துடைத்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குச் சுருக்கி, புது பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை வைத்து அழுத்தினால் மறுபடியும் ஒரு தோட்டா தயார். அமெரிக்காவில் இலக்குச் சுடும் போட்டியாளர்களும் வேட்டைக்காரர்களும் வீட்டு கராஜில் உட்கார்ந்து செய்யும் வேலை இது. ஹேண்ட்லோடிங் என்பார்கள். இதற்கான அச்சுகள், தராசுகள், கையேடுகள் எல்லாம் அங்கே கடையில் கிடைக்கும்.

காசு மிச்சம் பிடிக்கலாம் என்று இதில் இறங்குகிறவர்கள் உண்டு. ஆனால் பலரை இதில் பிடித்து வைத்திருப்பது வேறொன்று. ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் ஒரு ருசி உண்டு என்பது இவர்கள் நம்பிக்கை. இந்தக் குண்டு, இந்த மருந்து, இத்தனை கிரெயின் என்று தேடிப் பிடித்துவிட்டால் அந்த அளவைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுவார்கள். கிரெயின் என்பது இந்தத் தொழிலின் எடை அலகு. ஒரு கிராமுக்கு 15.4 கிரெயின். மருந்தை அதில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்துப் போடுவார்கள்.

கூடுகளும் ஒரு நாள் தேய்ந்துபோகும். கடையில் பழைய பிராண்டு இருக்காது, அல்லது நண்பர் ஒருவர் பின்லாந்தின் லப்புவா கூடுகளைப் புகழ்ந்திருப்பார். வாங்கி வந்து, பழைய அளவு மருந்தையே போட்டுச் சுட்டால் என்ன? குண்டு அதே குண்டு, மருந்து அதே மருந்து, கூடு வெறும் டப்பாதானே என்று தோன்றும். இந்த இடத்தில்தான் இயற்பியல் குறுக்கே வருகிறது. கூட்டை மாற்றுகிறவர் மருந்து எரியும் அறையை மாற்றுகிறார். கூடவே, அந்த அறைக்குள் என்ன அழுத்தம் என்று காட்டும் ஒரே அளவுகோலையும் மாற்றிவிடுகிறார்.

முதலில் அறை. 1952-இல் வின்செஸ்டர் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த .308 வின்செஸ்டர் ரகத்தை எடுத்துக்கொள்வோம். இதன் உடன்பிறப்பான 7.62×51 மி.மீ. தோட்டாவை நேட்டோ நாடுகள் சில ஆண்டுகளில் ஏற்றுக்கொண்டன. எந்தத் துப்பாக்கியிலும் நுழைய வேண்டும் என்பதால் தோட்டாவின் வெளி அளவுகளுக்குக் கறாரான தரவிதிகள் உண்டு. உட்புற அளவுக்கு அப்படி இல்லை. சுவர் எவ்வளவு தடிமன், அடிப்பாகம் எவ்வளவு கனம் என்பதை உற்பத்தியாளரே தீர்மானிக்கிறார். ஆகவே வெளியே ஒரே மாதிரி தெரியும் .308 கூடுகளை நிறுத்துப் பார்த்தால் பிராண்டுக்கு பிராண்டு 10 கிராமிலிருந்து 12 கிராம் வரை வரும். மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில் 1941-இல் தொடங்கிய லேக் சிட்டி ராணுவ ஆலையின் 7.62 கூடுகள் கனமான பக்கம். வின்செஸ்டரின் கூடுகள் இலேசான பக்கம். லப்புவா நடுவில்.

வெளி அளவு ஒன்றே என்றால், கூடுதல் பித்தளை உள்ளே இருக்கும் இடத்தைத்தான் தின்ன முடியும். எவ்வளவு என்பதை ஒரு வகுத்தலில் கண்டுபிடிக்கலாம். பித்தளையின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 8.5 மடங்கு. ஒரு கூடு இன்னொன்றைவிட 20 கிரெயின் கனம் என்றால், உள்ளே 20-ஐ 8.5-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 2.35 கிரெயின் தண்ணீர் பிடிக்கும் இடம் குறைகிறது. .308 கூடு முழுவதற்கும் பிடிப்பதே ஏறத்தாழ 56 கிரெயின் தண்ணீர். ஆக, நூற்றுக்கு நான்கு பங்கு அறை காணாமல் போகிறது.

நான்கு சதவீதம்தானே என்று விடுவதற்கில்லை. வெடிமருந்து என்று சொன்னாலும் ரைஃபிள் மருந்து வெடிப்பதில்லை, எரிகிறது. அது எரியும் வேகத்தை அழுத்தமே நிர்ணயிக்கிறது. 1884-இல் புகையில்லா மருந்தை உருவாக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேல் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். அழுத்தம் ஏறினால் மருந்துத் துகள்களின் மேற்பரப்பு விரைவாக எரியும். விரைவாக எரிந்தால் வாயு கூடுதலாக வரும். அது அழுத்தத்தை இன்னும் ஏற்றும். குண்டு முன்னே நகர்ந்து வாயுவுக்கு இடம் விடுவதற்குள் இந்தச் சுற்று தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொள்கிறது. அதனால் இடம் நான்கு சதவீதம் குறைந்தால் உச்ச அழுத்தம் நான்கு சதவீத உயர்வோடு நிற்பதில்லை. ஏற்கெனவே .308-க்கு அமெரிக்கத் தரவிதி அனுமதிக்கும் உச்சம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, வளிமண்டல அழுத்தத்தைப் போல 4,200 மடங்கு. பழைய கூட்டில் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே ஓடிக்கொண்டிருந்த அளவு, புதுக் கூட்டில் வரம்பைத் தாண்டிப் போய்விடலாம். கண்ணுக்கு முப்பது சென்டிமீட்டர் முன்னால் நடக்கிற காரியம் இது.

எடையை வைத்துப் போட்ட இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்ல வேண்டும். கூடுதல் பித்தளை சுவரில் இல்லாமல், கூட்டின் அடியில் நகம் பற்றி இழுக்கும் பள்ளத்தின் வடிவத்தில் இருந்தால் எடை கூடும், உள்ளிடம் குறையாது. ராணுவக் கூடு என்றாலே உள்ளே இடம் குறைவு என்ற பரவலான நம்பிக்கையும் 7.62-க்குப் பொருந்துமே தவிர, சிறிய .223 ரகத்தில் எடுபடாது. எடை பார்த்துக் கூடுகளைத் தரம் பிரிப்பதற்கு மாலைப் பொழுதையெல்லாம் செலவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம்தான் வருகிறது. தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது நேர்வழி.

அதற்குத் தன் துப்பாக்கியிலேயே சுட்ட, இன்னும் அச்சில் சுருக்காத கூடு வேண்டும். சுடும்போது அது துப்பாக்கியின் அறைக்குள் ஊதிப் பெருத்து, அதே வடிவத்தில் நின்றிருக்கும். சுட்ட பிரைமரைக் கழற்றாமல் விட்டால் அடி ஓட்டை அடைபட்டிருக்கும். காலிக் கூட்டை நிறுத்து எண்ணை எழுதிக்கொண்டு, சொட்டுக்குழாயால் தண்ணீரை விட வேண்டும். உள்சுவரில் குமிழிகள் ஒட்டியிருக்கும். விரலால் சுண்டினால் மேலே வரும். கழுத்தின் விளிம்பில் தண்ணீர் மேடாகவும் இல்லாமல் குழியாகவும் இல்லாமல் மட்டமாக நிற்கும்போது, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுக்க வேண்டும். இரண்டு எடைகளின் வித்தியாசம்தான் அறையின் கொள்ளளவு. பழைய பிராண்டில் ஐந்தாறு, புது பிராண்டில் ஐந்தாறு என்று பார்த்துச் சராசரி எடுத்தால், எந்தத் திசையில் எவ்வளவு தள்ளிப் போகிறோம் என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது அளவுகோல். தோட்டா ஆலைகளில் அழுத்தத்தை அளக்கத் தனிக் குழல்களும் அழுத்தமின் உணரிகளும் வைத்திருக்கிறார்கள். கராஜில் உட்கார்ந்திருப்பவரிடம் அவை இல்லை. அவர் சுட்ட கூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிரைமர் தட்டையாக நசுங்கியிருக்கிறதா? அடியில், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டருக்கான துளையின் வட்டத் தடம் பளபளவென்று பதிந்திருக்கிறதா? போல்ட் கைப்பிடி தூக்க முடியாமல் இறுகுகிறதா? இவற்றை அழுத்த அடையாளங்கள் என்பார்கள். யோசித்துப் பார்த்தால், இவற்றில் பெரும்பாலானவை பித்தளை எந்த இடத்தில் இளகிக் கொடுத்தது என்பதைச் சொல்பவை. பித்தளையின் பதம் மாறினால் அடையாளம் தோன்றும் இடமும் மாறும்.

பித்தளைக்கு அப்படி என்ன பதம்? தோட்டாவுக்கான பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். இந்த விகிதத்தில் துத்தநாக அணுக்கள் முழுவதும் செம்பின் படிக அடுக்குக்குள்ளேயே கரைந்துவிடுகின்றன. அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவ நிறைய வழி இருப்பதால், இந்தக் கலவை கிழியாமல் வெகுவாக இழுபடும். ஆலையில் ஒரு வட்டத் தகட்டைக் கிண்ணமாக்கி, அந்தக் கிண்ணத்தை அச்சுகளின் வழியே பல கட்டமாக இழுத்து நீள்குழாயாக்குவது அதனால்தான் முடிகிறது. ஒவ்வொரு இழுப்பிலும் படிகத்துக்குள் அணு வரிசைப் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, உலோகம் இறுகிப்போகும். அப்போது அதைச் சூடேற்றி இளக்கிவிட்டுத்தான் மறுபடி இழுக்க வேண்டும். செம்புப் பாத்திரம் தட்டும் கன்னார் நடுநடுவே அதை நெருப்பில் காட்டி எடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கடைசியில் கூட்டின் அடியை அடித்து வடிவப்படுத்திய பிறகு அதை மட்டும் இளக்காமல் அப்படியே இறுகலாக விட்டுவிடுகிறார்கள். கழுத்தையும் தோளையும் மட்டும் இளக்குகிறார்கள். ஆக ஒரே கூட்டில் அடி கெட்டி, கழுத்து மென்மை. கழுத்து மென்மையாக இருந்தால்தான் சட்டென்று விரிந்து அறைச் சுவரில் ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கும். அடி கெட்டியாக இருந்தால்தான் அழுத்தம் விட்டதும் சுருங்கி, வெளியே வர இடம் கொடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ராணுவம் செப்புக் கூடுகளைப் பயன்படுத்திய காலத்தில், சூடேறிய கார்பைன் துப்பாக்கிகளில் கூடு ஒட்டிக்கொண்டு வராமல் போனதாகப் புகார்கள் எழுந்தன. செம்பு விரியும், திரும்பச் சுருங்கத் தெரியாது. ராணுவம் பிறகு பித்தளைக்கு மாறியது.

அடியின் கெட்டித்தன்மை எல்லா பிராண்டிலும் ஒன்று போல் இருப்பதில்லை. மென்மையான அடி கொண்ட கூட்டில் அழுத்தம் வரம்பை நெருங்கும்போதே எஜெக்டர் தடம் விழும். நான்கைந்து முறை சுட்டதும் பிரைமர் பள்ளம் தளர்ந்து, புது பிரைமர் உள்ளே பிடிப்பில்லாமல் நழுவும். கெட்டியான அடி கொண்ட கூட்டில் வரம்பைத் தாண்டிய பிறகும் ஒன்றுமே தெரியாது. நல்ல கூடு வாங்கினேன், இன்னும் ஒரு கிரெயின் கூட்டியும் அடையாளமே இல்லை என்று மகிழ்கிறவர் உண்மையில் அளவுகோலின் முள் நகராததைப் பார்த்து மகிழ்கிறார். உள்ளே அழுத்தம் ஏறித்தான் இருக்கிறது. விலை உயர்ந்த கூட்டின் ஆபத்து இது. மலிவான கூட்டில் இந்த மயக்கம் குறைவு.

பித்தளைக்குள் அடைபட்டிருக்கும் இறுக்கம் எத்தகையது என்பதை உலகுக்குக் காட்டிய சம்பவத்துக்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படைகளில் மழைக்காலம் வந்தால் படை நடவடிக்கைகள் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல தோட்டாக்களில், குறிப்பாகக் குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில், நீள வெடிப்புகள். யாரும் சுடவில்லை, தட்டவில்லை. சும்மா இருந்த உலோகம் தானே பிளந்திருந்தது. பருவத்தில் வருவதால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஒரு பக்கம், இழுத்து நீட்டிய பித்தளைக்குள் எஞ்சி நின்ற இறுக்கம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்த இடத்தில் படிகங்களின் எல்லை வழியே பிளவு ஓடியது. ஏதாவது ஒன்றை நீக்கிவிட்டால் வெடிப்பு இல்லை. மிதமான சூட்டில் வைத்து உள்ளிறுக்கத்தைப் போக்கிவிடுவதே தீர்வாயிற்று.

இன்றும் ராணுவக் கூடுகளிலும் லப்புவா கூடுகளிலும் கழுத்தைச் சுற்றி நீலமும் பழுப்புமாக ஒரு நிற வளையம் தெரியும். கடைசியாக இளக்கியதற்கான சூட்டுத் தடம் அது. பல நிறுவனங்கள் கழுத்தை இளக்கிவிட்டு, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அந்த வளையத்தை மெருகு போட்டு அழித்துவிடுகின்றன. வளையம் இல்லாததால் இளக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷை மட்டும் கூடுகளின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

கழுத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. குண்டைப் பிடித்திருப்பதும் அதுதான். புது பிராண்டின் கழுத்துச் சுவர் தடிமனாக இருந்தால், பழைய அச்சில் சுருக்கும்போது குண்டின் மேல் பிடி இறுகும். பிடி மாறினால் குண்டு கிளம்பும் கணம் மாறும், வேகத்தின் ஒழுங்கும் மாறும். சாதாரண வேட்டைத் துப்பாக்கியில் இது சகித்துக்கொள்ளக்கூடிய வித்தியாசம். ஆனால் போட்டிக்கென்று கழுத்துப் பகுதியை நெருக்கமாகக் குடைந்த குழல்கள் உண்டு. அங்கே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு தடிமன் கூடினாலும் கழுத்து விரிய இடமில்லாமல் குண்டு சிறைப்பட்டுவிடும். அழுத்தம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. தோட்டா தயாரித்ததும் கழுத்தின் வெளிவிட்டத்தைக் காலிப்பரில் அளந்து, தன் குழலின் கழுத்து அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அரை நிமிட வேலை.

பிரைமர் பள்ளத்தையும் உற்றுப் பார்க்க வேண்டும். லப்புவா நிறுவனம் .308 ரகத்திலேயே சிறிய ரைஃபிள் பிரைமருக்கான ‘பால்மா’ கூட்டையும் விற்கிறது. பிரைமரின் தீ உள்ளே பாயும் துளை சாதாரணக் கூட்டில் சுமார் 2 மி.மீ.; இதில் 1.5 மி.மீ. சுட்ட பிரைமரைத் தள்ளிக் கழற்றும் பழைய அச்சின் ஊசியை அதில் இறக்கினால் ஊசி வளையும் அல்லது சிக்கிக்கொண்டு உடையும். ராணுவக் கூடுகளில் வேறொரு தொல்லை. பிரைமர் கழன்றுவிடாதபடி விளிம்பை நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். அந்தப் பூட்டைச் செதுக்கி எடுக்காமல் புது பிரைமரைத் திணிக்கப் பார்ப்பது விபரீதம்.

இனி அளவு தேடும் படலம். மருந்து நிறுவனங்களின் கையேடுகள் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தொடக்க அளவும் ஓர் உச்ச அளவும் தருகின்றன. தொடக்கம் பெரும்பாலும் உச்சத்துக்குப் பத்து சதவீதம் கீழே. கூட்டை மாற்றியவர் மறுபடி அங்கிருந்துதான் ஏறி வர வேண்டும். வழியில் துணைக்குக் குண்டின் வேகத்தை அளக்கும் ஒரு குரோனோகிராஃப் இருந்தால் பாதி இருட்டு விலகும். அதே குழல், அதே குண்டு, அதே மருந்து என்றிருக்கும்போது வேகம் சும்மா கூடாது. பழைய கூட்டில் 44 கிரெயின் கொடுத்த வேகத்தைப் புதுக் கூடு 43-லேயே கொடுத்துவிட்டால், புதுக் கூட்டின் அறை சிறியது, அழுத்தம் அதற்கேற்ப வந்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் ஏறினால், குறிப்பேட்டில் எழுதியிருந்த எண்ணை எட்டுவதற்குள் வரம்பு கடந்துவிடும். முதன்முறை சுடும் புதுக் கூடு விரிந்து அறையின் வடிவம் பெறுவதில் கொஞ்சம் ஆற்றலைச் செலவிடுகிறது. அதனால் பெரும்பாலும் இரண்டாவது சுற்றில் வேகம் சற்று ஏறும். முதல் சுற்றின் எண்களை வைத்து உச்சத்தில் போய் உட்காராமலிருப்பது புத்தி.

இந்தப் படலத்தில்தான் மிகுதியான மூடநம்பிக்கையும் விளைகிறது. 0.3 கிரெயின் வித்தியாசத்தில் படிப்படியாக மருந்தைக் கூட்டி, படிக்கு மூன்று தோட்டா சுட்டு, வேகம் ஏறாமல் சமதளமாக நிற்கும் இடம் எது என்று தேடுவார்கள். அங்கே குழல் அமைதி கொள்கிறது என்பது வாதம். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. .308-இல் 0.3 கிரெயினுக்கு வேகம் விநாடிக்கு 15 முதல் 20 அடி வரை ஏறும். தோட்டாவுக்குத் தோட்டா வேகச் சிதறல் 10 அடி என்றால், மூன்று தோட்டாச் சராசரிகள் இரண்டை ஒப்பிடும்போது எழும் தடுமாற்றமே 8 அடி. இரண்டு சராசரிகளும் தற்செயலாக நெருங்கி வந்தால் சமதளம், விலகினால் செங்குத்து. மறுநாள் அதே சோதனையைச் செய்தால் சமதளம் வேறிடத்தில் இருக்கும்.

ஐந்து தோட்டா சுட்டுச் சிதறல் 10 அடி என்று கருவி காட்டினால், உண்மையான சிதறல் 6 அடியிலிருந்து 29 அடி வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல், 95 சதவீத உறுதியோடு. இருபது சுட்டால் அந்த இடைவெளி ஏறக்குறைய 8-இலிருந்து 15 வரை சுருங்கும். பழைய கூட்டில் 9, புதுக் கூட்டில் 7, ஆகவே புது பிராண்டு உசத்தி என்று ஐந்தைந்து தோட்டாக்களில் தீர்ப்பெழுதுவது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த ஐந்து தோட்டாவுக்கான மருந்தும் குண்டும் வீண். இருபதாகச் சேர்த்துச் சுட்டிருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும்.

விலை உயர்ந்த கூடு வாங்குவதில் பலன் இல்லையா? உண்டு. உள்ளிடம் கூட்டுக்குக் கூடு குறைவாகவே மாறும், கழுத்துத் தடிமன் சுற்றிலும் சீராக இருக்கும், பிரைமர் பள்ளம் பல சுற்றுகள் தாங்கும். ஆயிரம் கெஜத்தில் சுடுகிறவருக்கு வேகச் சிதறல் நேராகச் செங்குத்துச் சிதறலாக இலக்கில் தெரியும். அவர் கொடுக்கும் காசுக்குப் பொருள் இருக்கிறது. நூறு கெஜத்தில் மான் வேட்டையாடுகிறவர் அதே காசுக்குக் கூடுதல் தோட்டாக்கள் வாங்கிப் பயிற்சி செய்வது மேல் என்பேன்.

இரண்டு பிராண்டையும் ஒரே பெட்டியில் கலந்து போடாதீர்கள். பெட்டியின் மேல் பிராண்டு, எத்தனையாவது சுற்று, மருந்து அளவு மூன்றையும் எழுதுங்கள். கையேட்டைத் திறந்ததும் உச்ச அளவுக்குக் கண்ணை ஓட்டாமல், அந்த அட்டவணையின் தலைப்பில் எந்த பிராண்டு கூட்டில் சோதித்தோம் என்று எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். உங்கள் கையில் இருப்பது அந்தக் கூடு இல்லையென்றால், அங்கே அச்சிட்டிருக்கும் உச்ச அளவு உங்களுக்கானது இல்லை.